நேச்சுரல் மார்க்

ஆம்பூர்
6 ஜூலை 2025

அன்புள்ள அக்சா அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நானும் அக்சாவும் சுகம். அவள் நர்சிங் ஹாஸ்டலிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறாள். அழுக்குத் துணியோடு வந்து ஊறுகாய் டப்பாவோடு வேலூருக்குத் திரும்புகிறாள்.

போனில் சொல்லக்கூடியதை ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன வாரம் போனில் சொல்லத்தான் பார்த்தேன். "வேலூர் எக்சிபிஷன்ல என் குயில்ட்டை எடுத்துக்கிட்டாங்க" என்றேன். நீங்கள் வாய் திறப்பதற்குள் உங்கள் ரூமில் இருக்கும் சம்பத், "இன்னா அண்ணி, போர்வைக்கெல்லாமா எக்சிபிஷன் வெக்கறாங்க? எங்க வீட்டுப் பாய் ஒண்ணு கீது, அனுப்பட்டுமா?" என்றான். நீங்கள் சிரித்தது எனக்குக் கேட்டது. அதனால் இந்த விஷயம் இனிமேல் கடிதத்தில் மட்டும். உங்கள் எத்தியோப்பியா ஷூ கம்பெனிக்கு ஆம்பூரிலிருந்து ஆட்கள் போவதும் வருவதுமாகத்தானே இருக்கிறார்கள். இதை சமீருல்லா பாயிடம் கொடுத்தனுப்புகிறேன். மிளகாய்த்தூள் பொட்டலத்துக்கு அடியில் பாருங்கள்.

அது போர்வை இல்லை. மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துத் தைப்பது வரைக்கும் போர்வைதான். அதற்குப் பிறகு அது சுவரில் மாட்டுகிற படம். யாரும் வரைந்து கொடுத்த மாதிரியைப் பார்த்துச் செய்யக்கூடாது, சொந்தக் கற்பனையாக இருக்கவேண்டும் என்பது கண்காட்சியின் விதி.

நான் செய்தது வெட் புளூ. குரோமில் பதனிட்டு எடுத்த ஈரத்தோலின் வெளிர்நீலம். டேனரியில் மடித்து மடித்து ஆளுயரம் அடுக்கியிருக்கும்போது பக்கவாட்டில் நின்றால் வரிவரியாகத் தெரியுமே, அதுதான். ஷூவுக்குள் கொடுக்கிற வெள்ளை லைனிங் துணியில் மீந்த ரோல்களை வாங்கி, வாளியில் சாயம் காய்ச்சி, இரண்டு முறை முக்கினேன். பஞ்சு மேலே பிதுங்கி வராமலிருக்க நீலத்துக்கு அடியில் பழுப்பு லைனிங் ஒரு அடுக்கு கொடுத்திருக்கிறேன். அது வெளியே தெரியாது. வீட்டில் ஷூ பீஸ் தைக்கிற வேலைக்கென்று நீங்கள் வாங்கிப்போட்ட மெஷினில்தான் தைத்தேன். குறுக்கே நெருக்கமான வரிகள், மேலிருந்து கீழ்வரை.

கண்காட்சி வேலூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடக்கிறது. நடத்துகிறவர் அமிர்தவள்ளி அம்மா, ஓய்வு பெற்ற ஓவிய டீச்சர். செப்டம்பர் கடைசி வரை மாட்டியிருக்கும். அதற்குப் பிறகு அவற்றில் சிலவற்றை மட்டும் பொறுக்கிப் பெங்களூரில் நடக்கும் அடுத்த கண்காட்சிக்குக் கொண்டுபோவார்கள். அந்தச் சிலவற்றில் என்னுடையது இருக்கவேண்டும். ஜெபத்தில் இதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதினெட்டு வருஷமாக அடுத்தவர் தைத்த ஷூவில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். எந்தப் பெட்டியிலும் என் பேர் போனதில்லை. இந்த ஒரு சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

இன்று ஆராதனை முடிந்து வேலூர் பஸ் ஏறினேன். என் குயில்ட்டுக்கு எதிரே நாற்காலி இருந்தது. யாரோ போல உட்கார்ந்துகொண்டேன். ஒருவர், "கடல்" என்றார். அவர் மனைவி, "கடல்ல எங்க இத்தினி மடிப்பு? இது ஆஸ்பத்திரி ஸ்க்ரீன்" என்றார். வேலூர்க்காரர்களுக்கு எதைப் பார்த்தாலும் ஆஸ்பத்திரி. பேரணாம்பட்டு டேனரி பக்கத்து ஆள் போலிருந்த ஒருவர் மட்டும் கிட்டே போய், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மூக்கை வைத்து முகர்ந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது!

போட்டோ வைத்திருக்கிறேன். நீங்கள் என்னவென்று சொல்லியிருப்பீர்கள்? சம்பத்திடம் காட்டவேண்டாம்.

ஃபீபி

---

அடிஸ் அபாபா
19 ஜூலை 2025

அன்புள்ள ஃபீபிக்கு,

ஸ்தோத்திரம். கடிதம் கிடைத்தது, மிளகாய்த்தூளும் கிடைத்தது. இரண்டும் ஒரே காரம்.

நான் சிரித்தது சம்பத்தின் பாயைப் பற்றி. உன் போர்வையைப் பற்றி இல்லை. நீ நம்பமாட்டாய். பரவாயில்லை.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இங்கே குளிர். சாப்பாடு புளித்த தோசை மாதிரி பெரிதாக ஒன்று, அதன் மேல் குழம்பு. முதல் மாதம் பேஜார், இப்போது பழகிவிட்டது. தையல் லைனில் நிற்கும் பெண்கள் என்னை 'மிஸ்டர் ரிச்சி' என்கிறார்கள். வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். நம் ஊர் சூப்பர்வைசர்களிடம் மட்டும் இதைச் சொல்லாதே.

போட்டோவைப் பார்த்தேன். பார்த்ததும் வெட் புளூ என்றுதான் சொன்னேன், தனியாகத்தான் சொன்னேன். வரிகளெல்லாம் நேராக இருக்கின்றன. தையல் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. என் லைனில் இப்படி இரண்டு பேர் இருந்தால் நான் டிசம்பர் லீவுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிடுவேன்.

ஒன்று கேட்கவேண்டும். வலது பக்கம், பாதிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு தையல் வரியை ஒட்டிப் பழுப்பாக என்னமோ தெரிகிறது. அரிசி நீளம் இருக்கும். டிசைனா? போட்டோவில் தூசி என்று துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. பழுப்பு லைனிங் வெளியே தெரியாது என்று எழுதியிருக்கிறாயே.

ரிச்சர்ட்

---

ஆம்பூர்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்சா அப்பாவுக்கு,

தூசி இல்லை. கிழிசல்.

உங்கள் கடிதத்தைப் படித்த அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தேன். அரிசி நீளம் என்று நீங்கள் எழுதியது இப்போது சுண்டுவிரல் நீளம். அதற்குக் கீழே இன்னும் மூன்று. எல்லாமே தையல் வரி மேலேயே போகின்றன. நீலம் உதடு போலத் திறந்து உள்ளே பழுப்புத் தெரிகிறது. யாரும் இழுத்ததாகத் தெரியவில்லை. ஓரத்தில் பிசிறு இல்லை, பிளேடு போட்டது போல இருக்கிறது. எலியோ பூச்சியோ இல்லை. அவை வரி பார்த்துக் கடிப்பதில்லை.

பதற்றத்தில் ஒரு காரியம் செய்துவிட்டேன். ஃபேக்டரியில் ஷூவில் குறை இருந்தால் சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோமே, அதில் ஒரு ஷீட் எப்போதும் என் பையில் இருக்கும். கை தானாகப் போய் நான்கு கிழிசலுக்கும் அம்பு ஒட்டிவிட்டது. ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஹால் பொறுப்பாளர் வசந்த் பல்லெல்லாம் தெரிய நிற்கிறார்.

"மேடம், வித்துப்போச்சாமே! ஸ்வீட் எங்க?"

"யாரு சொன்னது?"

"செவப்பு ஒட்டினா வித்துட்டதுன்னு அர்த்தம். இங்க ஒண்ணு ஒட்டறதே பெரிசு. உங்களுது நாலு! நாலு பேரா வாங்கினாங்க?"

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அம்புகளைப் பிய்த்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அமிர்தவள்ளி அம்மா அன்றைக்கு ஹாலில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

இப்போது எனக்கு ராத்திரி பகல் இதே யோசனை. நூல் அறுந்திருந்தால் தையல் விட்டிருக்கும். தையல் அப்படியே இருக்கிறது, துணிதான் விட்டிருக்கிறது. மேலே மாட்டிய இடம் உறுதியாக இருக்கிறது. ஏன் நடுவில் கிழியவேண்டும்? ஏன் ஒரு வரியில் கிழிந்து அடுத்த வரியில் கிழியாமல் இருக்கிறது? நீங்கள் தையல்காரர். யோசித்து எழுதுங்கள். சம்பத்தைக் கேட்டாலும் பரவாயில்லை, பேர் சொல்லாமல் கேளுங்கள்.

குளிருக்கு நான் பின்னிய ஸ்வெட்டரைப் போடுகிறீர்களா? இதோ, கேட்டுவிட்டேன்.

ஃபீபி

---

அடிஸ் அபாபா
16 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஃபீபிக்கு,

ஸ்வெட்டரைப் போடுகிறேன். கைதான் கொஞ்சம் நீளம்.

பையர் இன்ஸ்பெக்ஷன் வாரம், ஷூ வாங்குகிற கம்பெனிக்காரர்கள் வந்து பார்க்கிறார்கள், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். தோலில் தையலை ரொம்ப நெருக்கிப் போட்டால் தபால்தலை மாதிரி ஓட்டை வரியில் பிரிந்துவிடும். உன் வரிகளும் நெருக்கம். ஆனால் துணியில் இழைகள் விலகி ஊசிக்கு வழிவிடும், தோல் மாதிரி ஓட்டை விழாது என்று சம்பத் சொல்கிறான். அவன் அம்மா டெய்லர். பேர் சொல்லாமல்தான் கேட்டேன், "அண்ணியோட போர்வையா?" என்றான்.

இன்னொன்று கனம். படுக்கையில் விரித்திருந்தால் கனம் எங்கும் போகாது. தொங்கினால் கீழ்ப்பாதி மேல்பாதியை இழுக்கிறது. சாயத்தில் இரண்டு முறை வெந்த துணி கொஞ்சம் நைந்தும் இருக்கும்.

ஆனால் இதெல்லாம் சேர்ந்தும் பிளேடு போட்ட மாதிரி வராது. ஓட்டையைக் கிட்டத்தில் பார். கிழியாத வரியில் பார்.

அமிர்தவள்ளி அம்மா கண்ணில் படுவதற்கு முன்னால் இறக்கிவிடு.

ரிச்சர்ட்

---

ஆம்பூர்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்சா அப்பாவுக்கு,

காரணம் கிடைத்துவிட்டது. அதோடு வேறொன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

ஃபேக்டரி லென்ஸை எடுத்துப்போய், நீங்கள் சொன்னபடி கிழியாத வரியில் வைத்துப் பார்த்தேன். துணியில் ஊசி போன இடம் புள்ளியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். புள்ளி இல்லை, குட்டிக் குட்டி வெட்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று இழை அறுந்திருக்கிறது. வரி முழுக்க அப்படியே. நான் தைக்கவே இல்லை, ஆளுயரத்துக்கு வெட்டி வைத்திருக்கிறேன். தொங்கத் தொங்க ஒவ்வொரு வெட்டும் பக்கத்து வெட்டோடு சேர்ந்துகொள்கிறது. பழுப்புத் துணி சாயத்தில் வேகாதது, அதனால் அது மட்டும் தாங்குகிறது.

வீட்டுக்கு வந்து மெஷினிலிருந்து ஊசியைக் கழற்றிப் பார்த்தேன். முனை உருண்டையாக இல்லை, கத்தி மாதிரி பட்டை. மறுநாள் ஷிப்ட் முடிந்ததும், அதை வாங்கிய குர்ஷித் பாய் கடைக்குப் போனேன்.

"பாய், நீங்க குடுத்த ஊசி துணியை வெட்டுது."

"எந்த ஊசிம்மா?"

"நூறாம் நம்பர்."

"அது தோல் ஊசியாச்சே. வெட்டத்தான் செய்யும். வெட்டலன்னாதான் நீங்க எங்கிட்ட சண்டைக்கு வரணும்."

"துணி ஊசி குடுத்திருக்கலாம்ல?"

"துணிக்குன்னு எங்கம்மா சொன்னீங்க? ஆம்பூர்ல வந்து நூறாம் நம்பர் ஊசின்னா நான் இன்னா குடுப்பேன்? நம்ம கடைல ஜாஸ்தி போறதும் தோல் ஊசிதான், கம்மியா போறதும் தோல் ஊசிதான். துணி ஊசிக்கு டெய்லர் சாமான் கடைக்குப் போங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆமா, அவ்ளோ பெரிய துணி எதுக்குத் தெச்சீங்க? ஷாமியானாவா?" என்றார்.

இந்த ஊரில் ஊசி என்றால் அந்த ஊசிதான். வேறு முனை உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை. இருபது வருஷம் தைத்த உங்களுக்கும் தோன்றவில்லை.

சரி, இறக்கிவிடலாம் என்று இன்று வேலூருக்குப் போனேன். என் குயில்ட்டுக்கு முன்னால் கூட்டம். அமிர்தவள்ளி அம்மா நிற்கிறார், பக்கத்தில் பெங்களூரிலிருந்து வந்த கமிட்டிக்காரர் ஒருவர். கிழிசல் இப்போது பத்துக்கு மேல் இருக்கும். உண்மையைச் சொல்லவேண்டும், தூரத்திலிருந்து பார்த்தபோது எனக்கே மூச்சு நின்றது. நீலத்துக்குள்ளிருந்து பழுப்பு எட்டிப்பார்க்கிறது. முன்னே அது அடுக்கிவைத்த தோல். இப்போது அதற்குள் ஒரு மாடு இருக்கிறது.

அமிர்தவள்ளி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஃபீபி, வாராவாரம் இது மாறிட்டே இருக்கு! நான் கவனிச்சிட்டேதான் இருக்கேன். இதை நீங்க முதல்லயே யோசிச்சு வச்சிருந்தீங்களா?"

கமிட்டிக்காரரும் என்னைப் பார்த்தார். அவர் கையில் பெங்களூர் லிஸ்ட் இருந்தது.

நான் சிரித்தேன். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை அமிர்தவள்ளி அம்மா ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். "பயணம் போற குயில்ட் எதுவும் பிரியக்கூடாதுன்னு ஒரு ரூல் இருக்கு. கலைஞர் திட்டமிட்டதுன்னா மட்டும் விலக்கு. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தாப் போதும். 'வேண்டுமென்றே'ன்னு ஒரே வார்த்தை" என்றார்.

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஆம்பூர் வரும்வரை அந்த வார்த்தையை எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தேன், டிக்கெட்டின் பின்பக்கத்தில். எழுதுவது சுலபமாகத்தான் இருக்கிறது.

என்ன செய்யட்டும்?

ஃபீபி

---

அடிஸ் அபாபா
4 செப்டம்பர் 2025

அன்புள்ள ஃபீபிக்கு,

ஊசி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதை அப்புறம் பேசலாம்.

என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். எழுதிக் கொடுத்துவிடு. அவர்கள் அதை அழகு என்கிறார்கள். உனக்கே மூச்சு நின்றது என்கிறாய். நீயாக வலியப் போய், அது குறை, ஊசி தப்பு என்று ஏன் சொல்லவேண்டும்? யாருக்கு நஷ்டம்? நீ யாரையும் ஏமாற்றி எதையும் விற்கவில்லை.

நாம் பையரிடம் என்ன சொல்கிறோம்? தோலில் ஒரு கோடு இருந்தால், சார், இது நேச்சுரல் மார்க், நிஜத்தோலுக்கு இதுதான் அடையாளம் என்கிறோம். அவர் தடவிப் பார்த்துச் சந்தோஷமாக எடுத்துக்கொள்கிறார். போன வாரம் இங்கேயும் அப்படித்தான் ஒரு லாட் போயிற்று. உன் கிழிசலும் நேச்சுரல் மார்க்தான் என்று வைத்துக்கொள். துணி தானாகச் செய்தது.

நீ பெங்களூர் போகவேண்டும். எனக்கு அவ்வளவுதான் வேண்டும். டிசம்பரில் வரும்போது நானும் அங்கே வந்து, நாற்காலி போட்டு, யாரோ போல உட்கார்ந்து பார்க்கிறேன். சம்பத்தும் வருகிறேன் என்கிறான். இனிமேல் பாய் பேச்சு எடுக்கமாட்டானாம்.

ரிச்சர்ட்

---

ஆம்பூர்
14 செப்டம்பர் 2025

அக்சா அப்பாவுக்கு,

உண்ணி கடித்த தழும்பு நேச்சுரல் மார்க். முள் கீறி ஆறிய கோடு நேச்சுரல் மார்க். மாடு உயிரோடு இருந்தபோது அதற்கு நடந்தது எல்லாம் நேச்சுரல் மார்க். உரிக்கிறவன் கத்தி பட்டது நேச்சுரல் மார்க் இல்லை. இதைக் கல்யாணமான புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். கத்தி பட்டதையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது நம் ஊர் வழக்கம். பதினெட்டு வருஷமாக நான் அம்பு ஒட்டுவேன், சூப்பர்வைசர் வந்து, "இன்னாம்மா ஃபீபி, இது நேச்சுரல் மார்க்குமா" என்று பிய்த்துப் போடுவார். எத்தனை முறை மறுபடி ஒட்டியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது என் துணிக்கு வந்ததும் நானே பிய்த்துப் போடவேண்டுமா?

நேற்று லீவு போட்டுவிட்டுப் போய்ச் சொல்லிவிட்டேன். குயில்ட் முன்னாலேயே நின்று, ஊசியைக் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அமிர்தவள்ளி அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஊசியின் முனையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதை எனக்குச் சொல்லாமயே இருந்திருக்கலாமே, ஃபீபி."

"இருந்திருக்கலாம்ங்க."

"சொல்லிட்டதால நான் ரூலைப் பாக்கணும்."

"பாருங்க."

"இருபத்தெட்டாம் தேதிக்குள்ள சரியா தெச்சு மாட்டுங்க. கமிட்டி வந்து மறுபடி பாக்கட்டும்."

வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். இப்போது டெய்லர் கடை ஊசி போட்டிருக்கிறேன், உருண்டை முனை. நீலத் துணியை முழுக்கப் பிரித்து, அடியில் மெல்லிய துணி ஒட்டி, மறுபடி தைக்கவேண்டும். ஃபேக்டரி முடிந்து வந்து தைக்கிறேன். சோறு வடிக்க நேரமில்லை. அக்சா வந்தவள், "இது எப்பம்மா முடியும்?" என்று கேட்டுவிட்டு அவளே வடித்தாள்.

ஃபீபி

---

அடிஸ் அபாபா
29 செப்டம்பர் 2025

அன்புள்ள ஃபீபிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதில் ஒன்று எழுதினேன், நன்றாக இல்லை, கிழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்தேன்.

இங்கே லேபில் இழுவை மெஷின் இருக்கிறது. தோலை இரண்டு பக்கமும் கவ்விப்பிடித்து, எவ்வளவு இழுத்தால் கிழிகிறது என்று பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை லேப் பெண்ணிடம் கேட்டுச் சாவி வாங்கிக்கொண்டு நானும் சம்பத்தும் போனோம். பருத்தித் துணியைப் பட்டை பட்டையாக வெட்டி, சிலவற்றைத் தோல் ஊசியால் தைத்தோம், சிலவற்றை உருண்டை முனையால். நெருக்கமாகச் சில, தள்ளிச் சில. எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தோம்.

உருண்டை முனையில் தைத்தது கடைசிவரை பிடிவாதம் பிடித்து, பிறகு எங்கேயோ சம்பந்தமில்லாத இடத்தில் கிழிகிறது. தோல் ஊசியால் நெருக்கித் தைத்தது நாம் தைத்த வரியிலேயே, ஜிப் திறக்கிற மாதிரி போகிறது. தோல் ஊசியால் தள்ளித் தைத்தால் கொஞ்சம் திறந்துவிட்டு நின்றுவிடுகிறது. அங்கேயே நிற்கிறது. இன்னும் கனம் சேர்த்தால்தான் அடுத்த அடி வைக்கிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. சம்பத் மெஷினை விட்டு நகரவில்லை. "அண்ணே, இன்னொண்ணு போடு, இன்னொண்ணு போடு" என்கிறான். மத்தியானச் சாப்பாடு போய்விட்டது.

பட்டைகளை சமீருல்லா பாயிடம் கொடுத்திருக்கிறேன். எது எந்த ஊசி என்று ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் எழுதியிருக்கிறது. கையெழுத்து சம்பத்துடையது, அதனால் தப்பு இருந்தால் அவனைத் திட்டு.

எனக்கு ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். உன் குயில்ட்டில் முதலில் கிழிந்தது வலது பக்கம், பாதிக்கு மேலே. அங்கே ஏன்? அந்த இடத்தில் மட்டும் தையலை நெருக்கினாயா?

கமிட்டி என்ன சொன்னது?

ரிச்சர்ட்

---

ஆம்பூர்
2 நவம்பர் 2025

அன்புள்ள அக்சா அப்பாவுக்கு,

கமிட்டி எடுக்கவில்லை.

சொன்ன தேதிக்கு மாட்டிவிட்டேன். ஒரு கிழிசல் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. அம்பு ஒட்ட எனக்கே இடம் கிடைக்கவில்லை. அமிர்தவள்ளி அம்மா ஆளனுப்பாமல் அவரே வந்து சொன்னார். "ஃபீபி, உங்ககிட்ட நான் பொய் சொல்லக்கூடாது. ரொம்ப நல்லா தெச்சிருக்கீங்க. ஆனா நின்னு பாக்கத் தோணல."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அவர் சொன்னது சரி. கிழிந்துகொண்டிருந்தபோது நன்றாக இருந்தது. இப்போது நீலத் துணி. அழுகை வந்தது, ஹாலில் அழவில்லை.

குயில்ட்டை இறக்கி மடித்துக்கொண்டிருந்தேன். வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு அம்மா, தங்கச்சியோடு வந்தார். சுவரை அங்கும் இங்கும் தேடிவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏம்மா, போன மாசம் இங்க ஒண்ணு கிழிஞ்சிட்டு இருந்துச்சே, எங்க? எம்மாந்தூரம் போயிருக்குன்னு காட்டத்தான் இவள கூட்டியாந்தேன்."

"இதாங்க அது. தெச்சிட்டேன்."

"ஐயோ! ஏன்?"

"கிழிஞ்சிருந்துச்சே."

"அதான பாக்கறதுக்கே வந்தோம்!" என்றார். தங்கச்சி, "பஸ் சார்ஜ் தண்டம்" என்றார்.

நான் மடித்து முடித்துப் பையில் வைத்தேன். ஆனால் அந்த அம்மா வாலாஜாவிலிருந்து ஒரு கிழிசலைப் பார்ப்பதற்காக இரண்டாம் முறை வந்திருக்கிறார். பஸ்ஸில் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த வாரக் கடைசியில் உங்கள் பட்டைகள் வந்து சேர்ந்தன.

கொஞ்சம் திறந்து நின்றுவிடுகிற பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, கீழே அரிசிப் படியைத் தொங்கவிட்டேன். அப்படியே நின்றது. அரிசியைக் கூட்டினேன், அடுத்த அடி வைத்தது. அக்சா, "அம்மா, அரிசி கொட்டுது" என்று கத்துகிறாள். எனக்கு அந்தப் பட்டையைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: வலது பக்கத்தில் நெருக்கினேன். அங்கே நீலம் திட்டாக ஏறியிருந்தது, அதை மறைக்க வரிகளைச் சேர்த்துப் போட்டேன். மறைக்கப்போன இடம்தான் முதலில் திறந்தது.

புதிதாக ஒன்று தைத்திருக்கிறேன். அதே நீலம், அடியில் அதே பழுப்பு. எங்கே திறக்கவேண்டுமோ அங்கே மட்டும் தோல் ஊசி, தள்ளித் தள்ளி. மற்ற இடமெல்லாம் டெய்லர் ஊசி. திறக்கவேண்டிய இடங்களைப் பின்பக்கம் சாக்பீஸால் குறித்திருக்கிறேன். முதல் குறி இடதுபுறம், கீழே. அமிர்தவள்ளி அம்மாவிடம் சொன்னேன். "அடுத்த தடவை கொண்டாங்க, அந்த ஒரு வார்த்தையையும் எழுதிக் கொண்டாங்க" என்றார். இந்தமுறை கூசாமல் எழுதலாம் என்று இருந்தேன்.

முன்ரூமில் மாட்டி எட்டு நாளாகிறது. தினம் ஃபேக்டரிக்குப் போகும் முன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை பார்ப்பேன். இன்று காலை ஆராதனைக்குப் புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தால், இடதுபுறம், கீழே, குறித்த இடத்தில் திறந்திருக்கிறது. அரிசி நீளம். கைதட்டிவிட்டேன், வீட்டில் ஒருவரும் இல்லை.

அப்புறம்தான் இன்னொன்றைப் பார்த்தேன். மேலே, நடுவில். அங்கே நான் குறிக்கவில்லை. அங்கே தோல் ஊசியே போகவில்லை, பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டேன். சம்பத் எழுதிய பட்டைகளில் இப்படி ஒன்றும் இல்லை. துணி பழையதா, சாயமா, இல்லை கீழே திறந்ததால் மேலே இழுத்ததா, தெரியவில்லை. கீழே இருப்பதற்கு 'வேண்டுமென்றே' என்று எழுதிவிடுவேன். மேலே இருப்பதற்கு என்ன எழுதுவது?

மணி அடித்துவிட்டார்கள், இன்னும் கோயிலுக்குப் போகவில்லை. நாற்காலி போட்டு ஏறி நிற்கிறேன். இதையும் நாற்காலி மேல் நின்றுதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

ஃபீபி